மூட்டையில் அச்சிட்ட புரத எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு மீன் தீவனத்தில் மீன்தூளை எடுத்துவிட்டுத் தாவரப் புரதம் சேர்ப்பதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குதான் சொல்லப்படுகிறது. மீன்தூளில் புரதம் 60 சதவீதம், சோயா புண்ணாக்கில் 46 சதவீதம். ஆகவே 10 கிலோ மீன்தூளுக்குப் பதிலாக 13 கிலோ சோயா போட்டால் ஈடாகிவிடும். இதை அப்படியே நம்பித் தீவனம் கலப்பவர்கள் இரண்டு மாதம் கழித்து எடை ஏறாத மீனைப் பார்க்கிறார்கள். உடனே 'தாவரத் தீவனம் மீனுக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கும் பிழை, இந்த முடிவும் பிழை. இரண்டுக்கும் காரணம் மூட்டையில் அச்சிட்டிருக்கும் 'கச்சாப் புரதம் இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண்.

மாற்ற முடியும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சால்மன் ஊன் தின்னும் மீன். நார்வேயில் 1990இல் சால்மன் தீவனத்தில் ஏறத்தாழ 65 சதவீதம் மீன்தூளும் 24 சதவீதம் மீன் எண்ணெயும் இருந்தன. 2013இல் மீன்தூள் 18, மீன் எண்ணெய் 11 சதவீதம் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. அமெரிக்காவில் வளர்க்கப்படும் கெளுத்தியின் வளர்ச்சிக்காலத் தீவனம் இன்று கிட்டத்தட்ட முழுவதுமே தாவரப் பொருள்தான். மாற்ற வேண்டிய தேவையும் உண்மையானது. 1 கிலோ மீன்தூளுக்கு 4 முதல் 5 கிலோ வரை சிறு மீன்கள் தேவை. பெரு நாட்டுக் கடலோர நெத்திலியை நம்பியே உலகச் சந்தை பெருமளவு இயங்குகிறது. எல் நினோ ஆண்டில் அங்கே கடல் வெப்பமாகி நெத்திலி குறைந்தால் எல்லா நாட்டுத் தீவன ஆலைகளும் தடுமாறுகின்றன. ஆனால் நார்வேக்காரர்கள் அந்த இடத்துக்கு வந்துசேர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீனுக்கு வேண்டியது புரதம் என்ற மொத்தச் சரக்கு அல்ல, அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள். அவற்றில் 10 வகையை மீனால் உடலுக்குள் தயாரித்துக்கொள்ள முடியாது. தீவனத்தில் வந்தாக வேண்டும். சோயாப் புரதத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது மெத்தியோனின், அடுத்தது லைசின். மேலே சொன்ன மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ மீன்தூளில் 6 கிலோ புரதம். அதில் லைசின் சுமார் 7.5 சதவீதம், அதாவது 450 கிராம். மெத்தியோனின் சுமார் 2.8 சதவீதம், அதாவது 168 கிராம். அதே 6 கிலோ புரதம் 13 கிலோ சோயாவிலும் கிடைக்கிறது. ஆனால் அதில் லைசின் 6.2 சதவீதம்தான், சுமார் 370 கிராம், மெத்தியோனின் 1.4 சதவீதம், 84 கிராம். புரத எண் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மெத்தியோனின் பாதியாகிவிட்டது.

இந்தப் பள்ளத்தை நிரப்புவது கடினமல்ல. சந்தையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78 சதவீதம்; ஆகவே 80 கிராம் பற்றாக்குறைக்கு சுமார் 100 கிராம் வேண்டும். டி.எல். மெத்தியோனின் 99 சதவீதத் தூய்மையில் வருகிறது. 85 கிராம் போதும். சோயாவில் சிஸ்டின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அதிகம்தானே, அது மெத்தியோனினுக்கு ஈடாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஈடாகும், ஆனால் மெத்தியோனின் தேவையில் ஏறத்தாழப் பாதி வரைதான். மீதி மெத்தியோனினாகவே இருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இப்படித் தனியாகச் சேர்க்கும் அமினோ அமிலம் குடலில் உடனே உறிஞ்சப்படும். புரதத்துக்குள் கட்டுண்டு வருவது மெதுவாக வரும். இரண்டும் ஒரே நேரத்தில் இரத்தத்துக்கு வராவிட்டால் தசை கட்டப்படாது. சேர்த்தது வீணாகி அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். வயிறு என்ற உறுப்பே இல்லாத கெண்டை இனங்களில் இந்த இழப்பு அதிகம். எனவே தாவரத் தீவனம் கொடுக்கும் இடத்தில் நாளுக்கு ஒரு வேளை, இரு வேளை என்ற பழக்கத்தை விட்டு, அதே அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். குச்சித் தீவனம் தண்ணீரில் சீக்கிரம் கரைந்தால் மீனுக்கு முன்னால் குளத்துக்குப் போய்ச் சேருவதும் இந்த அமினோ அமிலம்தான்.

தனி அமினோ அமிலத்தைக் குறைத்துக்கொள்ள எளிய வழி, ஒரே புண்ணாக்கை நம்பாமல் கலப்பது. மக்காச்சோளத்தில் மாவுச்சத்தைப் பிரித்த பின் கிடைக்கும் புரதப் பகுதியான குளூட்டனில் புரதம் 60 சதவீதம்; மெத்தியோனின் நன்றாக உண்டு, லைசின் மிகக் குறைவு. எள்ளுப் புண்ணாக்கும் அப்படித்தான். சோயாவோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தாங்கும். ஆனால் மக்காச்சோளக் குளூட்டன் அதிகமானால் அதிலுள்ள மஞ்சள் நிறமி சதையில் ஏறிவிடும். வெள்ளைச் சதை மீனை வாங்குபவர்கள் அதை விரும்புவதில்லை. கடலைப் புண்ணாக்கு சுவையால் மீனை ஈர்க்கும், ஆனால் லைசின், மெத்தியோனின் இரண்டிலும் ஏழை.

அடுத்தது சோயா எவ்வளவு வெந்தது என்பது. புரத எண்ணின் குருட்டுத்தனம் இங்கேதான் மிக மோசமாகத் தெரிகிறது. பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. மீனின் செரிமான நொதியையே முடக்கிவிடும். சூடேற்றினால் அழியும். ஆனால் அளவுக்கு மீறிச் சூடேற்றினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து மீனுக்குக் கிடைக்காமல் போகும். வேகாத சோயா, பதமாக வெந்த சோயா, கருகிய சோயா மூன்றிலும் ஆய்வக அறிக்கை 46 சதவீதம் என்றே சொல்லும்.

பதம் பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று யூரியேஸ், அதாவது பச்சை சோயாவில் இருந்து சூட்டில் அழியும் ஒரு நொதி: யூரியாவும் ஃபீனால் சிவப்பு என்ற நிறங்காட்டியும் கலந்த கரைசலில் நனைத்த சோயாத் தூளை ஒரு தட்டில் பரப்பி 5 நிமிடம் விட வேண்டும். அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பதம். கால் பங்குக்கு மேல் சிவந்தால் வேகவில்லை. அரை மணி நேரம் ஆகியும் ஒரு புள்ளிகூட இல்லையென்றால் அளவுக்கு மீறி வெந்திருக்கலாம். ஆய்வகத்தில் பி.எச். உயர்வாக அளந்தால் 0.05 முதல் 0.20 வரை இருக்க வேண்டும். அளவுக்கு மீறி வெந்ததை யூரியேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. நொதி அழிந்த பின் எவ்வளவு வெந்தாலும் அது பூஜ்யம்தான். அதற்குத்தான் இரண்டாவது சோதனை: 0.2 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 75 மில்லியில் 1.5 கிராம் சோயாத் தூளை 20 நிமிடம் கலக்கி, கரைந்த புரதம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. 78 முதல் 85 வரை நல்லது. 85க்கு மேலே போகப் போக வேகாதது என்ற சந்தேகம் கூடும். 70க்குக் கீழே கருகியது. புண்ணாக்கு வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் கேட்காமல் புரத எண்ணை மட்டும் கேட்பது பாதிக் கொள்முதல்தான்.

சூட்டுக்கு அழியாதவையும் உண்டு. சோயாவிலுள்ள சப்போனின் என்ற பொருள் சால்மனின் பின்குடல் சுவரை வீங்கவைத்து அழற்சி உண்டாக்கும். டிரவுட் மீனுக்கும் இந்தத் தொல்லை வரும். இதனால் அவற்றுக்குச் சாதாரணப் புண்ணாக்கு ஒத்துவருவதில்லை. ஆல்கஹால் கொண்டு கழுவிய சோயா புரதச் செறிவு கொடுக்கிறார்கள். அதில் சப்போனினும் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் பெரும்பாலும் நீங்கியிருக்கும், புரதம் 65 சதவீதம் இருக்கும். திலேப்பியா, கெண்டை, கெளுத்தி ஆகியவை சாதாரணப் புண்ணாக்கையே நன்றாகத் தாங்கும். ஒரு மீனுக்குப் பார்த்ததை இன்னொன்றுக்குச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் கோசிபால் என்ற நச்சு இருக்கிறது. அது லைசினைப் பிணைப்பதோடு இனப்பெருக்கத்தையும் கெடுக்கும், ஆகவே தாய் மீன்களுக்கு வேண்டவே வேண்டாம். கடுகு இனப் புண்ணாக்குகளில் உள்ள குளூக்கோசினோலேட் என்ற பொருள் தைராய்டைத் தொந்தரவு செய்யும். சூரியகாந்தியில் நார் அதிகம்.

பாஸ்பரஸ் பற்றி யாரும் பேசுவதே இல்லை, ஆனால் களத்தில் அதிகம் அடிபடுவது அதில்தான். தாவரப் பொருளிலுள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. மீனிடம் அதன் சாவி இல்லை. தின்ற பாஸ்பரஸ் எச்சமாக வெளியேறிக் குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்குகிறது. மீனுக்கோ எலும்பு வளைகிறது, உடலில் கொழுப்பு சேர்கிறது. ஃபைட்டேட் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தூய பொருள்களாலான சோதனைத் தீவனத்தில் கெளுத்திக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் போதும். சோயாவை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் 150 மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. சால்மன், டிரவுட் மீன்களின் கண்ணில் வெண்படலம் தெரிந்தால் முதலில் துத்தநாகத்தையும் மெத்தியோனினையும் சந்தேகிக்க வேண்டும்.

பூட்டைத் திறக்க ஃபைட்டேஸ் நொதி இருக்கிறது. தீவனம் கிலோவுக்கு 500 முதல் 1000 அலகு வரை சேர்ப்பது வழக்கம். இரண்டு இடங்களில் இது தோற்கும். மிதவைத் தீவனம் தயாரிக்கும் எக்ஸ்ட்ரூடரில் வெப்பம் 110 பாகை செல்சியஸுக்கு மேல்; அதற்கு வெகு முன்பே, 80, 85 பாகையிலேயே, சாதாரண ஃபைட்டேஸ் செயலிழக்கத் தொடங்கிவிடும். மாவோடு கலந்து எக்ஸ்ட்ரூடருக்குள் அனுப்பினால் காசைக் கொளுத்துவதற்குச் சமம். தீவனம் உலர்ந்து ஆறிய பிறகு திரவ நொதியைத் தண்ணீரில் கலந்து மேலே தெளித்து, அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். இரண்டாவது இடம் கெண்டை. ஃபைட்டேஸ் வேலை செய்வது அமிலச் சூழலில். வயிறில்லாத கெண்டையின் குடலில் அமிலம் கிடையாது, பலனும் குறைவு. கெண்டைக்குக் கரையும் பாஸ்பேட்டை நேரடியாகக் கொடுப்பதே சரி. அதிலும் மோனோகால்சியம் பாஸ்பேட்டில் கெண்டைக்குச் சேருவது 90 சதவீதத்துக்கு மேல். டைகால்சியம் பாஸ்பேட்டில் பாதிகூடத் தேறாது. மூட்டையில் 'பாஸ்பரஸ் 1 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பாஸ்பரஸ் என்று கேட்க வேண்டும்.

இனி பூஞ்சை நச்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அப்படித்தான் கண்டறியப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க டிரவுட் பண்ணைகளில் கல்லீரல் புற்றுநோய் பரவியதற்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருந்த இதே நச்சுதான் காரணம். வேகவைத்தாலும் இது போகாது. ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் புண்ணாக்கை வாங்குவது, தரையில் படாமல் பலகைமேல் அடுக்குவது, கட்டி பிடித்ததைக் கழித்துக்கட்டுவது, ஒரு கிலோவில் 20 மைக்ரோகிராம் தாண்டினால் திருப்பி அனுப்புவது ஆகியவைதான் வழி. பெண்டோனைட் களிமண்ணைத் தீவனத்தில் சேர்த்தால் நச்சைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். கெட்ட சரக்கை நல்லதாக்காது.

கடல் மீன்களுக்கு இன்னும் இரண்டு பொருள் தேவை. ஒன்று டாரின் என்ற, அமினோ அமிலம் போன்ற பொருள். அது தாவரத்தில் இல்லை. கடலில் வாழும் ஊனுண்ணி மீன்களால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளவும் முடியாது. மீன்தூள் வெகுவாகக் குறைந்தால் அவற்றின் கல்லீரல் பச்சை நிறமாகிவிடும், வளர்ச்சி நின்றுவிடும், தீவனத்தில் 0.5 முதல் 1 சதவீதம் டாரின் சேர்த்தால் சரியாகும். இரண்டாவது, ஒமேகா 3 வகையில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. கொழுப்பு அமிலங்கள். 10 கிலோ மீன்தூளை எடுக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிலோ அளவுள்ள மீன் எண்ணெயும் போகிறது என்பதைக் கணக்கு போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நன்னீர் மீன்கள் ஆளி, சோயா எண்ணெய்களிலிருந்து ஓரளவு தயாரித்துக்கொள்ளும். கடல் மீன்களுக்கு மீன் எண்ணெயோ நுண்பாசி எண்ணெயோ கொடுத்தே ஆக வேண்டும்.

வளரும் திலேப்பியாவுக்கு 100 கிலோ மூழ்கும் தீவனத்துக்கான ஒரு கலவையைச் சொல்கிறோம். கையில் உள்ள சரக்கின் ஆய்வறிக்கைப்படி திருத்திக்கொள்ள வேண்டும். சோயா புண்ணாக்கு 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 10, மக்காச்சோளக் குளூட்டன் 6, மீன்தூள் 4, எண்ணெய் நீக்கிய தவிடு 20, கோதுமை மாவு 19, எண்ணெய் 3, மோனோகால்சியம் பாஸ்பேட் 1.5, வைட்டமின் தாதுக் கலவை 1 கிலோ, லைசின் ஹைட்ரோகுளோரைடு 300 கிராம், மெத்தியோனின் 200 கிராம். புரதம் 31 முதல் 32 சதவீதம் வரும். அந்த 4 கிலோ மீன்தூள் புரதத்துக்காக இல்லை. மீன் வாய் வைப்பதற்காக. மிதக்க வேண்டுமானால் மாவுச்சத்து 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். தவிட்டில் 5 கிலோ குறைத்து மாவில் கூட்டுங்கள்.

அரைவை முக்கியம். எல்லாமே 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் குச்சி விரிசல் விட்டுத் தண்ணீரில் உதிரும். கிராம் கணக்கில் சேர்ப்பவற்றை நேரடியாக 100 கிலோ மாவில் கொட்டினால் ஒரு குச்சியில் நிறைய இருக்கும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. முதலில் 2 கிலோ மாவில் கலந்து, அதை 10 கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்க்க வேண்டும். பழைய தீவனத்திலிருந்து புதியதுக்கு ஒரே நாளில் தாவக்கூடாது: கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று 10 நாளில் மாற்றினால் மீன் சாப்பாட்டை நிறுத்தாது. முதல் வாரத்தில் தீவனம் மிஞ்சுவதைப் பார்த்து 'பிடிக்கவில்லை' என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். மூன்று வாரம் ஆகியும் மிஞ்சினால், எச்சம் நீளமாக வெள்ளை நூல் போல் தொங்கினால், அது குடல் சொல்லும் புகார். 15 நாளுக்கு ஒருமுறை வலைபோட்டுச் சில மீன்களை எடைபோட்டுப் பழைய தீவனம் தின்னும் குளத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்ற தீவன மாற்று விகிதத்தைக் கணக்கிடாமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

புரத எண்ணை மட்டும் நம்புவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆய்வகம் அளப்பது புரதத்தை இல்லை, நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரியா கலந்தாலும் எண் ஏறும். 2007இல் கோதுமை குளூட்டன் என்ற பெயரில் வந்த மாவில் நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருளான மெலமைன் கலந்திருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது; செல்லப்பிராணி உணவோடு நிற்காமல் மீன் தீவனத்திலும் அது நுழைந்திருந்தது. புரத எண்ணைக் கூட்டிக்காட்டத்தான் அதைக் கலந்தார்கள்.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. தீவன மூட்டையில் கச்சாப் புரதத்தோடு லைசின், மெத்தியோனின் எத்தனை சதவீதம், மீனுக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் எத்தனை, ஃபைட்டேஸ் இருந்தால் எத்தனை அலகு, அஃப்ளாடாக்சின் எவ்வளவு என்று அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். சோயா புண்ணாக்கு விற்பவர் யூரியேஸ் அளவையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரத அளவையும் ஒவ்வொரு லாரிச் சரக்குக்கும் எழுதித் தர வேண்டும். இந்த எண்களில் பெரும்பாலானவை தீவன ஆலைகளின் கணினியில் ஏற்கனவே இருக்கின்றன. கலவைக் கணக்கே அவற்றை வைத்துத்தான் போடப்படுகிறது. மூட்டையின் மேல் இல்லை, அவ்வளவுதான். உங்கள் நாளிதழில் தாவரத் தீவனம் பற்றி எழுதுபவர்களும் எத்தனை சதவீதம் புரதம் என்பதோடு நிறுத்தாமல், எந்த மீனுக்கு, வயிறு உள்ளதா இல்லாததா, எத்தனை கிராம் மெத்தியோனின் சேர்த்து என்றும் எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மீன் ஊட்டச்சத்துத் துறையினர் சிலர்